புருஷன்மார் நாற்காலிகளும் என் கார்டு மெஷினும்

எங்கள் கடையில் நூல் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே மூன்று நாற்காலிகள் கிடக்கும். புருஷன்மார் நாற்காலி என்று அவற்றுக்குப் பெயர். துணித்துண்டுகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கிற பெண்களுக்குத் துணி விற்கிற எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இதைப் பார்க்கலாம். மனைவி உள்ளே போய் ஒரு நீலத்துக்கும் அடுத்த நீலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு மணி நேரம் யோசிப்பாள். வண்டி ஓட்டிக்கொண்டு வந்த புருஷர் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் இருக்கும் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவுடன் மழையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்போம், கையில் காப்பி கொடுப்போம், அதோடு அவரை மறந்துவிடுவோம். கடையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் அவர்களைச் சேர்த்துச் சொல்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நான் பட்ட அவமானம் முழுக்க இந்த எண்ணிக்கையில்தான் தொடங்கியது.

எங்கள் தென்மேற்கு மினசோட்டாவில் ஜூன் மாதம் கடைச்சுற்று வரும். எட்டு ஊர், எட்டு துணிக்கடை, மூன்று நாள். பெண்கள் கையில் ஓர் அட்டையோடு கடை கடையாக ஏறி இறங்கி முத்திரை வாங்குவார்கள். எட்டும் வாங்கியவர்கள் பெயரைக் குலுக்கிப் போட்டு ஒருத்திக்குத் தையல் மெஷின் பரிசு. முத்திரைக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. அந்த மூன்று நாள்தான் எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு அடுத்த குளிர்காலம் வரை உயிர். சுற்றிலிருந்து விழுந்த கடை திரும்ப ஏறியதாக எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்வது 2009-ஆம் வருஷத்துக் கதை. அதற்கு முந்தின வருஷம் ஒரு கடையில் கார்டு வாங்குவதில்லை என்று சுற்றுக்குப் பஸ்ஸில் வந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மாதத்தில் அந்தக் கடைக்காரிக்குக் கடைச்சுற்றுக் கமிட்டியிலிருந்து பூப்போட்ட தாளில் கடிதம் போனது. "உங்கள் ஓய்வுக்காலம் இனிதாக அமையட்டும்" என்று எழுதியிருந்தார்கள். அவள் ஓய்வு பெறப்போவதாக யாரிடமும் சொல்லவில்லை; சுற்றிலிருந்து அவள் கடையை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கூடவே புது விதி ஒன்றும் வந்தது. மூன்று நாளும் கார்டு மெஷின் வேலை செய்ய வேண்டும். கடைசி நாள் கமிட்டித் தலைவியே கடை கடையாக வந்து பார்ப்பாள்.

தலைவி யார் என்றால், லவோன். என் வீட்டுக்காரர் வெர்லினுடைய தங்கை, அதாவது என் நாத்தனார். பக்கத்து ஊரில் என் கடையைவிட இரண்டு ஜன்னல் பெரிய கடை வைத்திருக்கிறாள்.

இப்போது என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் ஊர் நூலகத்தில் அறுபது தாண்டியவர்களுக்கு இலவசமாக இன்டர்நெட் வகுப்பு நடத்தினார்கள். மூன்று மாலை. மூன்றாம் மாலை பனிப்புயலில் வகுப்பு ரத்தாகிவிட்டது. இரண்டு மாலை படிப்போடு நான் ஊருக்கே ஆலோசகர் ஆகிவிட்டேன். யாருக்காவது குழாய் ஒழுகினால்கூட அதற்கு இன்டர்நெட்டில் என்ன வழி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மார்ச்சில் கடையின் பழைய போன் லைன் இரண்டையும் வெட்டச் சொல்லி, போனை இன்டர்நெட் பெட்டியில் சொருகச் சொன்னேன். மாட்ட வந்தவர், கார்டு மெஷின் மட்டும் இதில் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம், சோதித்துப் பாருங்கள் என்றார். என் கார்டிலேயே ஒரு நூல்கண்டு வாங்கிப் பார்த்தேன். மெஷின் நம்பர் போட்டது, போனில் கீச்சென்று விசில் அடித்தது, ஒப்புதல் என்று ரசீதைத் துப்பியது. ஒரே ஒரு தடவை. ஓடுகிற ஒன்றை மறுபடி மறுபடி சோதிப்பது அதை அவமதிப்பது மாதிரி என்று எனக்கொரு எண்ணம்.

ஏப்ரலில் லவோன் போனில் கேட்டாள்.

"அண்ணி, பழைய லைன வெட்டிட்டீங்களாமே?"

"ரெண்டையும் வெட்டியாச்சு. இப்ப எல்லாம் இன்டர்நெட்தான்."

"கார்டு மெஷினுமா?"

"அதுவும் போன்தான லவோன். போன் எதுல போகுதோ அதுவும் அதுலதான் போகும்."

"ஒழுங்கா ஓடுதா?"

"உன் மெஷின் விசில் அடிச்சு முடிக்கறதுக்குள்ள நான் இங்க ரசீது கிழிச்சு, பையில போட்டு, வாசல் வரைக்கும் வழியனுப்பிட்டு வந்துடுவேன்."

அவள் சட்டென்று போனை வைத்துவிட்டாள். அந்த அவசரத்தை நான் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். வாரம் முழுக்க அதை நினைத்து நினைத்து ரசித்தேன்.

அதோடு விட்டேனா. லவோன் தன் கடையில் புருஷன்மாருக்குக் காப்பி மட்டும்தான் தருகிறாள் என்று எனக்குத் தெரியும். வெர்லினைப் பலகை ஒன்று எழுதச் சொன்னேன். "புருஷன்மாருக்கு வைஃபை இலவசம்." பச்சைப் பெயின்ட்டில் எழுதி, மூன்று நாற்காலிக்கும் மேலே மாட்டினோம்.

வியாழனும் வெள்ளியும் பஸ்கள் வந்தன. பஸ்ஸில் வருவது பெண்கள் மட்டும்தான். கார்டு மெஷின் சொன்னபடி கேட்டது. இரண்டு நாளும் சாயங்காலம் லவோன் போன் பண்ணி, "மெஷின் எப்படி அண்ணி?" என்றாள். இரண்டு தடவையும், "பறக்குது" என்றேன்.

சனிக்கிழமை பஸ் கிடையாது. அன்று தம்பதிகள் நாள். வயலில் வேலையை ஒதுக்கிவிட்டுப் புருஷர்கள் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். மத்தியானம் ஒரு மணிக்குக் கடை நிறைந்துவிட்டது. வெட்டு மேசையில் நான் துணி வெட்ட வெட்ட, வெட்டிய துணியோடு பெண்கள் கல்லாவுக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். உங்களுக்குத் தெரியும், வெட்டிய துணி வெட்டியதுதான். அதைத் திரும்பச் சுருளில் ஒட்டவைக்க முடியாது.

வரிசையில் முதலில் நின்ற அம்மாள் வாத்துப் படம் போட்ட துணி நாலு கஜம் எடுத்திருந்தார். கார்டைத் தேய்த்தேன். மெஷின் நம்பர் போட்டது. விசில் அடித்தது. விசில் நடுவிலேயே ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கியது. "தொடர்பு இல்லை."

மறுபடி தேய்த்தேன். தொடர்பு இல்லை. மெஷினை அணைத்துப் போட்டேன். துணியால் துடைத்தேன். பின்பக்கம் ஊதினேன். ஐந்தாவது தடவை கடகடவென்று ஒப்புதல் கொடுத்தது. அந்த அம்மாள் நிம்மதியாகப் போனார். அடுத்தவருக்கு ஆறு தடவை. அதற்கடுத்தவருக்கு முதல் தடவையிலேயே. அதற்கடுத்தவருக்கு எத்தனை தடவை தேய்த்தும் இல்லை. அவர் கையில் இருந்த ரொக்கத்தைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, குறையாக நின்ற சில்லறைக்குத் தோழியிடம் கை நீட்டினார்.

நான் காரணம் தேட ஆரம்பித்தேன். படித்தவள் அல்லவா. சிவப்புத் துணி வாங்குகிறவர்களுக்கு வேலை செய்யவில்லையோ என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கார்டைக் கிழக்கே பார்த்துத் தேய்த்தேன். வெர்லின் உள்ளிருந்து டேப் கொண்டுவந்து கொடுக்கும்போது போன் ஒயர் அவர் தோளில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மெஷின் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

"அப்படியே நில்லுங்க," என்றேன்.

"எப்படியே?"

"ஒயர மேல தூக்கிப் பிடிங்க. இன்னும் மேல. அசையாதீங்க."

வெர்லின் ஒயரைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார். நாற்பத்தோரு வருஷத்தில் அவர் எந்த வேலையையும் முணுமுணுக்காமல் செய்து நான் பார்த்ததில்லை. அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒயரைத் தூக்கியும் பலன் இல்லை. இரண்டு மணி ஆயிற்று. லவோன் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அந்தப் பூப்போட்ட தாள் கண் முன்னால் ஆடியது. உதவிக்கு இருக்கிற கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் குரல் துண்டு துண்டாக வந்தது. "மே… எந்த… பெட்டி… பச்சை…" என்றார். வைத்துவிட்டு, வரிசையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு எலுமிச்சை கேக் துண்டு கொடுத்து நிறுத்திவிட்டு, பக்கத்துக் கதவுக்கு ஓடினேன்.

பக்கத்தில் குன்னருடைய முடிதிருத்தும் கடை. அவர் பழைய லைனை வெட்டாதவர். "உலகம் எங்கேயோ போயிடுச்சு குன்னர், நீ மட்டும் இங்கயே நிக்கற" என்று நான் அவரிடம் சொல்லி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் சுவரில் இருந்த போனைக் கத்தரிக்கோலால் காட்டினார்.

இந்த லைனில் கம்பெனிக்காரர் குரல் மணியாகக் கேட்டது. பொறுமையான மனிதர்.

"மேடம், இப்ப உங்க கடையில வேற யாராவது இன்டர்நெட் யூஸ் பண்றாங்களா?"

"யாருமில்ல. நானும் துணி வாங்க வந்தவங்களும்தான்."

"கம்ப்யூட்டர் எதாவது ஓடுதா மேடம்?"

"என்னோடது ஒண்ணு இருக்கு. தூசி படாம போர்வை போட்டு மூடி வெச்சிருக்கேன்."

"சரி மேடம். அப்ப மெஷினோட வேகத்தைக் கொஞ்சம் கொறைச்சுப் பாப்போம். உங்க மெஷின் விசில் அடிச்சுப் பேசுது. அந்த விசில இன்டர்நெட் சின்னச் சின்னத் துண்டா வெட்டி அனுப்புது. அந்தப் பக்கம் மறுபடி ஒட்டிக்குது. நடுவுல ஒரு துண்டு லேட்டானா மெஷின் லைன் போச்சுன்னு நெனச்சு வெச்சிடுது. மெதுவாப் பேசினா ஒண்ணு ரெண்டு துண்டு தவறினாலும் சமாளிச்சுக்கும்."

துண்டாக வெட்டி மறுபடி ஒட்டுவதை ஒருவர் எனக்கு விளக்குகிறார், கேளுங்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் செய்கிற தொழிலே அதுதான். எனக்குப் புரியவில்லை.

"தம்பி, மாசாமாசம் நான் காசு கட்றது வேகத்துக்கு. மெதுவாப் போறதுக்கு என் பழைய லைனே போதுமே."

"இல்ல மேடம், மெஷின் மட்டும்தான் மெதுவா…"

"வேகத்த வித்துட்டு இப்ப மெதுவாப் போங்கறீங்க. இது என்ன நியாயம்."

அவர் ஒரு மூச்சு விட்டார். "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"மொதல் உதவியே இன்னும் வரலையே," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

குன்னர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "அந்தாளு சொன்னதக் கேட்டிருக்கலாம் ஆர்டிஸ்."

"நீ முடிய வெட்டு."

திரும்பக் கடைக்குள் நுழைந்தால், இருபத்திரண்டு வருஷத்தில் நடக்காத ஒன்று நடந்தது. புருஷன்மார் நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து என்னிடம் வந்தார். விதைக் கம்பெனித் தொப்பி, நல்ல உயரம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"குத்தம் சொல்றதா நெனச்சுக்காதீங்கம்மா. உங்க இன்டர்நெட் ரொம்ப நல்லா இருக்கு. காப்பியும் நல்லா இருக்கு."

"சொல்லுங்க."

"நீங்க அந்த மெஷின்ல கார்டு தேய்க்கறப்பல்லாம் எங்க மேட்ச் நின்னு நின்னு போகுது. பரவால்ல. சும்மா சொன்னேன்."

ஒயரைத் தூக்கிப் பிடித்திருந்த வெர்லின் அங்கிருந்தே சொன்னார். "ஆமா. நாலாவது இன்னிங்ஸ்ல ரெண்டு ரன் அப்படித்தான் போச்சு. நான் பாத்தேன்."

அப்போதுதான் திரும்பினேன். மூன்று நாற்காலியில் ஐந்து ஆண்கள். நாலாவது ஆள் நூல் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல், ஐந்தாவது ஆள் ஜன்னல் விளிம்பில். இரண்டு லேப்டாப். இரண்டிலும் பேஸ்பால் மேட்ச். என் வீட்டுக்காரர் நின்ற இடத்திலிருந்து ஒன்று நன்றாகத் தெரியும். அவர் முணுமுணுக்காத காரணமும் தெரிந்தது. அவர்கள் தலைக்கு மேலே என் பச்சைப் பலகை.

யாராவது இன்டர்நெட் யூஸ் பண்றாங்களா என்று அந்த மனிதர் கேட்டபோது நான் யாருமில்லை என்றேன். பொய் சொல்லவில்லை. நாற்காலி இன்டர்நெட் பார்க்குமா என்றுதான் எனக்குள் இருந்தது.

காரணம் தெரிந்துவிட்டதே என்று உற்சாகமாக மேசைக்குக் கீழே குனிந்து இன்டர்நெட் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். ஐந்து ஆண்களும் ஒரே குரலில் "ஓ" என்றார்கள். நிமிர்ந்து, வெற்றிப் புன்னகையோடு கார்டைத் தேய்த்தேன். மெஷினில் விசில்கூட வரவில்லை. வருமா. போனும் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது. நான்தானே பெருமையாக உள்ளே போடச் சொன்னேன். திரும்பச் சொருகினேன். பெட்டி கண்ணைத் திறந்து எல்லா விளக்கும் எரிய ஆறு நிமிஷம் ஆயிற்று. வைஃபையை மட்டும் எப்படி அணைப்பது என்று தெரிந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அது மூன்றாம் மாலைப் பாடமாம்.

அந்த ஆறு நிமிஷத்துக்குள் லவோன் வந்துவிட்டாள். கூடவே அவள் புருஷர் ஹார்லன். ஹார்லன் நேரே ஜன்னல் பக்கம் போய், "எத்தனாவது இன்னிங்ஸ்?" என்று கேட்டுக்கொண்டே ஒதுங்கி நின்றார். லவோன் ஒரு நூல்கண்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வலது கை விரல் இரண்டில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். கேக் சுடும்போது சுட்டுக்கொண்டாள் போல என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

"பறக்குதா அண்ணி?" என்றாள்.

"பறக்குது. கொஞ்சம் கூட்டம், அவ்வளவுதான்."

அவளுக்கு முன்னால் பத்துப் பேர். எல்லார் கையிலும் வெட்டிய துணி.

மேட்சை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் விருந்தாளியிடம் ஒன்றை நேராகச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. போதாததற்கு, பலகை மாட்டிக் கூப்பிட்டவளே நான். சொன்னால் லவோனுக்கும் கேட்கும். அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன். மடியில் தட்டு இருந்தால் மடியில் லேப்டாப் இருக்க முடியாது. புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட கேக்கைத் தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு போனேன்.

"ஒரு துண்டு சாப்பிடுங்க."

"வேண்டாம்மா, இப்பதான் சாப்பிட்டோம்."

"சின்னத் துண்டுதான்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமம் என்ன இருக்கு, வீணாத்தான் போகும்."

"அப்படின்னா சரி, ஒரே ஒரு துண்டு."

இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவைதான் வாங்கிக்கொள்வது எங்கள் ஊர் மரியாதை. ஹார்லனோடு ஆறு ஆண்கள், ஆளுக்கு மூன்று தடவை, பதினெட்டு தடவை உபசாரம். பின்னால் வரிசை நகரவில்லை. பதினெட்டும் முடிந்து எல்லார் கையிலும் தட்டு கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இரண்டு லேப்டாப்பையும் நூல் அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டு, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். இப்போது இன்னும் வசதியாகத் தெரிந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி. இரண்டு அணியும் சமம்.

கல்லாவுக்குத் திரும்பிக் கார்டைத் தேய்த்தேன். விசில். விக்கல். தொடர்பு இல்லை.

லவோன் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மெஷினைத்தான் பார்த்தாள்.

கடையா கர்வமா என்று அப்போது எனக்குக் கொஞ்சம் யோசனை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடனே கடை என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் வரிசையில் இருந்த ஒரு பெண், வெட்டிய துணியை மேசை மேல் மெதுவாக வைத்துவிட்டு, "அப்புறமா வரேனே" என்றாள். அப்புறம் வருவதற்கு அவள் வீடு நூற்றுப் பத்து மைல்.

மேல் தட்டுத் துணி எடுக்கிற முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. மெஷின் கெட்டுப் போகல. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். போனும் இன்டர்நெட்டும் இங்க ஒரே குழாயில வருது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பண்ணினேன். இவங்களுக்கு இன்டர்நெட் குடுத்ததும் நான்தான், லவோன் கடையவிட நல்ல பேர் வாங்கறதுக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதும்னு எனக்குத் தெரியல. எனக்கு இன்டர்நெட் ரெண்டு நாள் பாடம்தான் தெரியும். அதுலயும் மொத நாள் மௌஸ எப்படிப் பிடிக்கறதுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. தயவுபண்ணி ஒரு பத்து நிமிஷம் மேட்ச நிறுத்துங்க."

விதைத் தொப்பிக்காரர் முதலில் லேப்டாப்பை மூடினார்.

"சொல்லிருக்கலாமேம்மா," என்றார்.

"பலகை மாட்டிட்டு எப்படிச் சொல்றது."

ஹார்லன் தொண்டையைச் செருமினார். "என் வண்டியில ரேடியோ இருக்கு."

ஆறு பேரும் தட்டோடு வெளியே போனார்கள். ஹார்லனுடைய வண்டியின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, பின் தட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். வாத்துக் கூட்டம் மாதிரி இருந்தது.

நான் கார்டைத் தேய்த்தேன். விசில் முழுசாக அடித்தது. ஒப்புதல். அடுத்தது ஒப்புதல். நூற்றுப் பத்து மைல்காரி வைத்த துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பத்துப் பேருக்கும் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. கடைசியில் லவோன்.

அவள் கார்டை நீட்டவில்லை. நூல்கண்டை மேசை மேல் வைத்து, "உள்ள வாங்க அண்ணி, ஒரு விஷயம்" என்றாள்.

துணிச் சுருள் அடுக்குகிற பின்னறைக்குப் போனோம். பூப்போட்ட தாளைக் கையிலேயே கொண்டுவந்துவிட்டாளோ என்று பார்த்தேன். அவள் பிளாஸ்திரி ஒட்டின கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் கார்பன் தாளின் நீலம்.

"இதப் பாருங்க."

"என்ன பண்ணிக்கிட்ட?"

"கார்டு மேல தாள வெச்சு இழுத்துத் தேய்ப்போமே, அந்தப் பழைய இரும்புக் கட்டை. பரணுலேர்ந்து எடுத்து வியாழக்கிழமைலேர்ந்து அதுலதான் ஓட்றேன். இழுக்கறப்ப விரல் முட்டியெல்லாம் உரிஞ்சுபோச்சு."

"உன் மெஷின்?"

"நீங்க ஏப்ரல்ல பீத்திக்கிட்டீங்கள்ல. மே மாசம் நானும் லைன வெட்டிட்டேன்."

நான் சுருள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தினம் போன் பண்ணிக் கேட்டியே, அப்ப சொல்லிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது. விதி போட்டதே நான். உங்களோடது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா அதே மாதிரி பண்ணிக்கலாம்னு கேட்டேன். நீங்க பறக்குது பறக்குதுன்னீங்க."

"உன் கடையிலயும் வைஃபை குடுத்தியா?"

"உங்க பலகையப் பத்தி ஹார்லன்தான் வந்து சொன்னார். நான் சும்மா இருப்பேனா. அஞ்சு நாற்காலி போட்டேன். உள்ளூர் ஆம்பளைங்க வியாழக்கிழமைலேர்ந்தே வந்து உக்காந்துட்டாங்க."

உங்களிடம் மறைக்கக் கூடாது. அவள் அதைச் சொன்ன நொடியில் என் மனசுக்குள் பூப்போட்ட தாளில் ஒரு கடிதம் ஓடியது. அவளுடைய ஓய்வுக்காலத்துக்கு நானே இரண்டு வரி எழுதிவிட்டேன். பிறகு அவள் விரலைப் பார்த்தேன். சனிக்கிழமை முடிய அவள் கடையில் இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

"அந்தக் கம்பெனிக்காரர் வழி சொன்னார்," என்றேன். "மெஷினோட வேகத்தக் கொறைக்கணுமாம். நான்தான் சண்டை போட்டு வெச்சுட்டேன்."

"ஏன்?"

"வேகத்துக்குக் காசு குடுத்திருக்கேன்னு."

லவோன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு தெரிந்தது. "வாங்க," என்றாள். குன்னர் கடைக்குப் போனோம். குன்னர் ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலால் போனைக் காட்டினார். ஒரே ரிசீவரில் நான் ஒரு காதும் அவள் ஒரு காதுமாக வைத்துக்கொண்டோம். இந்த முறை ஒரு பெண் எடுத்தாள். அவளும் அதே கேள்வியில்தான் ஆரம்பித்தாள்.

"மேடம், கடையில வேற யாராவது இன்டர்நெட் யூஸ் பண்றாங்களா?"

"ஆறு புருஷங்க," என்றேன். "இதோ இவ புருஷரையும் சேத்து."

எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, லவோன் தன் முத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். திரும்பிக் கடைக்கு வந்து நான் அழுத்தினேன், அவள் படித்தாள். மேட்ச் முடிந்து புருஷர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். தோற்றுவிட்டோமாம். எப்படித் தோற்றோம் என்று இன்னொரு தடவை பார்க்க லேப்டாப் இரண்டையும் திறந்தார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

லவோன் கார்டை நீட்டினாள். தேய்த்தேன். மெஷின் நம்பர் போட்டது. முன்பெல்லாம் அணில் மாதிரிக் கீச்சிட்டது, இப்போது ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுகிற கிழவி மாதிரி ஊதியது. என்னைப் போலவே இருந்தது. எங்கள் ஊர் கணக்குக்குக்கூட நீண்ட நேரம். ஜன்னல் பக்கம் படம் ஒரு தடவை நின்று மறுபடி ஓடியது. மெஷின் விக்கவில்லை. ஊதி முடித்துவிட்டு ரசீதைத் தள்ளியது.

லவோன் கைப்பையிலிருந்து கமிட்டிப் பட்டியலை எடுத்தாள். எட்டுக் கடைப் பெயர். என் பெயருக்கு எதிரே டிக் போட்டாள். தன் கடையின் பெயருக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போய்ப் பொத்தான அழுத்திட்டு டிக் போடு," என்றேன். "ஓடலன்னா எனக்குப் போன் பண்ணு."

"பண்ணினா நிஜத்தச் சொல்வீங்களா?"

"இனிமே சொல்வேன்."

அவள் நூல்கண்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கே நின்று திரும்பி, கூரைப் பக்கம் பார்த்தாள்.

"அண்ணி, அண்ணன் ஏன் ஒயரத் தூக்கிப் பிடிச்சிருக்கார்?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவரை யாரும் இறக்கச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரமாக ஜன்னலைப் பார்த்தபடி, கை மாற்றிக் கை மாற்றி, ஒயரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இத விட்டுடலாமா ஆர்டிஸ்?" என்றார் வெர்லின்.

மெஷினைப் பார்த்தேன். ரசீதைப் பார்த்தேன். வரிசையில் புதிதாக இரண்டு பேர் துணியோடு வந்து நின்றார்கள்.

"எதுக்கும் கடை மூடற வரைக்கும் பிடிச்சுக்குங்க," என்றேன்.